பாம், பாக்கெட் பிசி: இணையம் வராவிட்டால் அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி

பாம் டிஎக்ஸ், டங்ஸ்டன், ட்ரியோ, எச்பி ஐபேக், விண்டோஸ் மொபைல் ஓடும் எச்டிசி (இந்தக் கடைசி இரண்டும் பாக்கெட் பிசி வகை) என்று ஏதாவது ஒரு பழைய கையடக்கக் கணினி உங்களிடம் இருக்கிறது, அதில் இணையம் வரவில்லை என்றால், எடுத்த எடுப்பில் எதையும் அழிக்காதீர்கள். பலர் முதல் வேலையாக ஹார்டு ரீசெட் செய்துவிடுகிறார்கள். முகவரி, குறிப்பு, நாள்காட்டி எல்லாம் போய்விடும். பழுது மட்டும் அப்படியே நிற்கும். இந்தக் காலத்தில் கோளாறு பெரும்பாலும் கருவிக்கு வெளியே, ரவுட்டரிலோ சிம்மிலோ இணையதளத்தின் பாதுகாப்பு முறையிலோ இருக்கிறது. பத்து வருடக் குறிப்புகளை அழித்துவிட்டு, காரணம் ரவுட்டரில் ஒரு டிக் என்று பிறகு தெரியவந்தால் மனசு ஆறாது.

எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கால்வாசி வேலை. கருவி எழுகிறதா, ரேடியோ பிடிக்கிறதா, ஐபி முகவரி கிடைக்கிறதா, தளத்தின் பெயர் முகவரியாக மாறுகிறதா, பக்கம் திறக்கிறதா என்று இந்த வரிசையிலேயே பாருங்கள். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்துதான் வர வேண்டியிருக்கும்.

## ஆன் ஆகவே இல்லை

நாள்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த லித்தியம் பேட்டரி, சார்ஜரில் போட்டதும் உடனே உயிர் காட்டாது. கருவிக்கென்றே வந்த 5 வோல்ட் அடாப்டரில் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். அதன் பிறகும் திரை வராவிட்டால், முதுகில் இருக்கும் சின்ன ஓட்டையில் முனை மழுங்கிய கம்பியால் ஒருமுறை அழுத்துங்கள். இது சாஃப்ட் ரீசெட். தரவு எதுவும் போகாது. கணினியின் யூஎஸ்பி வாயிலிலிருந்து சார்ஜ் ஆவது எல்லா மாடலிலும் கிடையாது. அதனால் கணினியில் செருகிப் பார்த்துவிட்டு 'செத்துவிட்டது' என்று முடிவு கட்ட வேண்டாம்.

திரை நடுவில் மஞ்சள் திட்டு, உடல் பகுதி பிளந்து நிற்பது, மேசையில் வைத்தால் ஆடுவது, இவை பேட்டரி உப்பியதற்கான அடையாளம். அதை மேற்கொண்டு சார்ஜ் செய்யக் கூடாது. மாற்று பேட்டரி வாங்கும்போது 3.7 வோல்ட், பாதுகாப்புச் சுற்று உள்ளது, பழையதை விடத் தடிமன் கூடாதது என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். வயரின் நிறத்தை நம்பாமல் மல்ட்டிமீட்டரில் பிளஸ், மைனஸ் பார்த்த பிறகே இணையுங்கள். சிவப்பும் கறுப்பும் இடம் மாறி வரும் பேட்டரிகள் சந்தையில் உண்டு.

இந்த இடத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்வது அவசியம். டங்ஸ்டன் டி3, டங்ஸ்டன் சி, முதல் டங்ஸ்டன் இ போன்றவையும், விண்டோஸ் மொபைல் 2003 வரையிலான பாக்கெட் பிசிக்களும் உங்கள் தரவை சாதாரண ராம் நினைவகத்தில் வைத்திருக்கின்றன. பேட்டரி முழுக்கத் தீர்ந்தால் எல்லாம் காலி. 2004 கடைசியிலிருந்து வந்த டங்ஸ்டன் டி5, ட்ரியோ 650, இ2, டிஎக்ஸ் ஆகியவையும் விண்டோஸ் மொபைல் 5 கருவிகளும் ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுதுவதால் தப்பிக்கும். எந்த வகையாக இருந்தாலும், எழுந்து வந்த அன்றே எஸ்டி கார்டில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். பாமில் இலவசமான என்விபேக்கப் போதும். விண்டோஸ் மொபைலில் முகவரி, நாள்காட்டிக்கு பிம் பேக்கப் இருக்கிறது.

## லோகோவிலேயே நிற்கிறது, திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிறது

கடைசியாகப் போட்ட மென்பொருள்தான் முதல் சந்தேகம். பாமில் ஐந்துவழிப் பொத்தானின் மேல்பக்கத்தை அழுத்திக்கொண்டே ரீசெட் ஓட்டையை அழுத்துங்கள். இது வார்ம் ரீசெட். தொடக்கத்தில் தானாக ஓடும் கூடுதல் நிரல்கள் எதுவும் ஓடாமல் கருவி எழும். எழுந்ததும் சந்தேகப்பட்ட நிரலை அழித்துவிட்டு, சாதாரண சாஃப்ட் ரீசெட் செய்யுங்கள். வார்ம் ரீசெட்டிலும் எழாதபோதுதான் ஹார்டு ரீசெட்: பவர் பொத்தானைப் பிடித்துக்கொண்டு ரீசெட்டை அழுத்தி, பாம் லோகோ வந்ததும் பவரை விட்டு, எச்சரிக்கை வந்த பிறகு மேல்பொத்தானை அழுத்த வேண்டும். பாக்கெட் பிசிக்களில் இந்தப் பொத்தான் கூட்டணி மாடலுக்கு மாடல் வேறு. கையேட்டைப் பார்க்காமல் முயல வேண்டாம்.

## தொட்ட இடம் ஒன்று, திறப்பது வேறொன்று

தொடுதிரை அளவீடு நழுவியிருக்கிறது. பாமில் பிரெஃப்ஸ், பிறகு டச்ஸ்கிரீன். விண்டோஸ் மொபைலில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்கிரீன் என்று போய் அளவீடு செய்யுங்கள். உடனே மறுபடி நழுவினால் திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே தூசி அடைத்துக்கொண்டு ஓர் ஓரத்தை ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்கும். விசிட்டிங் கார்டு ஒன்றின் ஓரத்தை நான்கு பக்கமும் அந்த இடுக்கில் மெல்ல ஓட்டி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஊசியோ பிளேடோ வேண்டாம், மேல் படலம் கிழிந்துவிடும்.

## பாதுகாப்புச் சான்றிதழ் பிழை எல்லாத் தளத்திலும் வருகிறது

முதலில் தேதியைப் பாருங்கள். பேட்டரி தீர்ந்து எழுந்த கருவி தன் பழைய தேதிக்குப் போயிருக்கும். 2006 என்று நினைத்துக்கொண்டிருக்கும் கருவிக்கு இன்றைய சான்றிதழ் 'இன்னும் செல்லுபடியாகாதது'. தேதியைத் திருத்தியும் பிழை தொடர்ந்தால் காரணம் ஆழமானது. கீழே பக்கம் திறக்காத பகுதிக்குப் போங்கள்.

பாம் நாள்காட்டி ஆண்டை 1904இலிருந்து ஏழு பிட்டில் எண்ணுகிறது. அதனால் 2031 டிசம்பர் 31தான் அதன் கடைசி நாள். அதற்கு மேல் நினைவூட்டல் வைக்க முடியாமல் போனால் அது பழுது அல்ல.

## வைஃபை பட்டியலில் வீட்டு ரவுட்டர் தெரியவே இல்லை

பாம் டிஎக்ஸில் இருப்பது 802.11பி. 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசும், உச்சம் 11 எம்பிபிஎஸ். அந்தக் கால ஐபேக்குகளும் இதே கதைதான். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடினால் தெரிய வாய்ப்பே இல்லை. இரண்டு அலைவரிசையையும் ஒரே பெயரில் வைத்திருந்தால் 2.4க்குத் தனிப்பெயர் கொடுங்கள். சேனலைத் தானாக விடாமல் 1, 6, 11 மூன்றில் ஒன்றில் நிறுத்துங்கள். 12, 13 சேனல்களை அமெரிக்கச் சந்தைக்கு வந்த கருவிகள் பார்ப்பதில்லை.

அப்படியும் தெரியாவிட்டால், அல்லது பெயர் தெரிந்தும் சேர மறுத்தால், ரவுட்டர் பழைய வேகங்களை மூடி வைத்திருக்கிறது என்று பொருள். 'பி' கருவிகளுக்கு 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் என்ற நான்கு வேகம்தான் தெரியும். புதிய ரவுட்டர்கள் காற்றில் நேரம் மிச்சம் பிடிக்க இவற்றை அணைத்துவிடுகின்றன. அமைப்பில் 'பி/ஜி/என் கலப்பு' என்ற தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மாற்று மென்பொருள் ஓடும் ரவுட்டரில் 'லெகஸி ரேட்ஸ்' என்ற விருப்பம் இயல்பாகவே அணைந்திருக்கும். 1 என்று வைத்து வைஃபையை மறுபடி தொடங்கினால் டிஎக்ஸ் அடுத்த தேடலிலேயே பெயரைக் காட்டும்.

## பெயர் தெரிகிறது, கடவுச்சொல் சரி, ஆனாலும் சேரவில்லை

இங்கே சிக்கல் மறையாக்கத்தில். டிஎக்ஸ் தன் இயல்பு நிலையில் டபிள்யூபிஏ-பிஎஸ்கே என்ற பழைய வைஃபை பூட்டு வரைதான் போகும், அதாவது டிகேஐபி மறையாக்கம். விண்டோஸ் மொபைல் 5 கருவிகளும் பெரும்பாலும் அதே அளவுதான். விண்டோஸ் மொபைல் 6இல் டபிள்யூபிஏ2 வந்துவிட்டது. இன்றைய ரவுட்டர்கள் டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 மட்டும் தருகின்றன. எத்தனை முறை கடவுச்சொல்லைத் திரும்ப அடித்தாலும் பயனில்லை.

வீட்டு ரவுட்டரையே டிகேஐபிக்கு இறக்காதீர்கள். பாதுகாப்பு குறைவது ஒரு பக்கம், டிகேஐபியுடன் 802.11என் வேகத்தைப் பயன்படுத்தத் தரநிலையே இடம் தருவதில்லை என்பதால், வீட்டில் மற்ற எல்லாக் கருவிகளும் 54 எம்பிபிஎஸ்ஸுக்குச் சுருங்கிவிடும். தூக்கிப்போட்ட பழைய ரவுட்டர் ஒன்றை எடுத்து, தனிப் பெயரில், டபிள்யூபிஏ-டிகேஐபி வைத்து, வீட்டு வலையிலிருந்து பிரித்த விருந்தினர் வலையாக விடுவதுதான் சரியான வழி. பழைய கருவி தேவைப்படும் நேரம் மட்டும் ஆன் செய்தால் போதும்.

டபிள்யூபிஏவுக்கும் முந்தைய டபிள்யூஇபி பூட்டு மட்டுமே தெரிந்த இன்னும் பழைய கருவி என்றால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். டபிள்யூஇபியில் சாவி (கடவுச்சொல்) தப்பாக இருந்தாலும் கருவி 'இணைந்தது' என்றே சொல்லும். ஆனால் ஐபி முகவரி வராது. பாக்கெட் பிசியில் 169.254 என்று தொடங்கும் முகவரி தென்படும். அதைப் பார்த்தால் டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றும் சேவை), ப்ராக்ஸி (நடுவில் நின்று பக்கத்தை வாங்கித் தரும் சர்வர்) என்று அலைய வேண்டாம், சாவியைப் பாருங்கள். பதினாறடிமான எண்களாக அடித்தால் 10 அல்லது 26 இலக்கம். எழுத்தாக அடித்தால் 5 அல்லது 13. வேறு நீளம் எதுவும் செல்லாது.

## செல்போன் வழியாக இணைக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறது

முதலில் வலையமைப்பே இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஜிபிஆர்எஸ், எட்ஜ் இரண்டும் 2ஜி. சிங்கப்பூரில் 2ஜி 2017 ஏப்ரலில் நின்றுவிட்டது. அங்கே ட்ரியோ 680இல் எந்த அமைப்பை மாற்றினாலும் சிக்னல் வராது. இந்தியாவில் ஏர்டெல் 2020இல் 3ஜியை மூடிவிட்டு 2ஜியை வைத்துக்கொண்டது. ஜியோ 2016இல் தொடங்கியதே 4ஜியில்தான். பழைய கருவி எதிலும் ஜியோ சிம் வேலை செய்யாது. ஆக, 3ஜி போனை விட 2ஜி போன் இங்கே அதிக நாள் உழைக்கிறது.

அடுத்து, மோடமாக நிற்கும் போன். பாம் கேட்பது டயல்-அப் நெட்வொர்க்கிங் என்ற புளூடூத் சேவை. பழைய நோக்கியா எஸ்40, எஸ்60, சோனி எரிக்சன் கே வரிசையில் அது இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்கள் புளூடூத்தில் தருவது வேறு சேவை, பான் என்பது. அதனால் இரண்டும் ஜோடி சேரும், ஆனால் இணைப்பு வராது. எத்தனை முறை ஜோடியை அழித்துச் சேர்த்தாலும் இது மாறாது. ஆண்ட்ராய்டு மட்டும்தான் இருக்கிறது என்றால், ஓப்பன்டபிள்யூஆர்டி போட்ட சின்னப் பயண ரவுட்டரில் போனை யூஎஸ்பி வழியாக இணைத்து, அந்த ரவுட்டரிலிருந்து டிகேஐபி வைஃபை விடுங்கள்.

சரியான போன் இருந்தும் இணைப்பு நிற்கிறது என்றால் இனிமேல்தான் உண்மையான துப்பறியும் வேலை. பாமில் பிரெஃப்ஸ், நெட்வொர்க் திரையைத் திறந்து, மெனுவில் ஆப்ஷன்ஸ், வியூ லாக் என்று போங்கள். இணைக்க முயன்றபோது நடந்த உரையாடல் முழுக்க அதில் வரி வரியாக இருக்கும். அது எந்த வரியில் நின்றது என்பதே பதில்.

முதலில் கருவி 'ஏடி' என்று தொடங்கும் கட்டளையை அனுப்பும். போன் 'ஓகே' என்று பதில் சொல்ல வேண்டும். பதிலே இல்லை என்றால் பேச்சு போனை எட்டவே இல்லை: புளூடூத் ஜோடி கெட்டிருக்கிறது, அல்லது போனில் அந்தக் கருவிக்குத் தானியங்கி அனுமதி தரப்படாமல் 'ஏற்கவா' என்ற கேள்வி திரையில் காத்துக்கிடக்கிறது. அகச்சிவப்பில் இணைப்பவர்கள் இரண்டு கண்ணாடிகளையும் நேருக்கு நேராக, ஒரு சாண் இடைவெளியில், நேரடி வெயில் படாமல் வைக்க வேண்டும். வெயிலில் அகச்சிவப்பு தடுமாறும்.

'ஓகே' வந்த பிறகு கருவி *99# அல்லது *99***1# என்று அழைக்கும். இதற்குப் பதிலாக 'எரர்' அல்லது 'நோ கேரியர்' வந்தால் புளூடூத்தை மறந்துவிடுங்கள், அது தன் வேலையை முடித்துவிட்டது. சிம்மில் டேட்டா இல்லை, அல்லது ஏபிஎன் (டேட்டா போகும் நுழைவாயிலின் பெயர்) தப்பு. ஏர்டெலுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் புள்ளி காம், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட் என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். நோக்கியா எஸ்40இல் இதை பாமில் எழுதுவதை விட போனிலேயே எழுதுவது நல்லது: செட்டிங்ஸ், கனெக்டிவிட்டி, பேக்கெட் டேட்டா, அதற்குள் ஆக்டிவ் ஆக்சஸ் பாயின்ட்டைத் திருத்தும் இடம். போனில் வழி இல்லை என்றால் பாமில் பிரெஃப்ஸ், கனெக்ஷன், டீட்டெயில்ஸில் இருக்கும் இனிட் ஸ்ட்ரிங்கில் எழுத வேண்டும். ஏ, டி, கூட்டல் குறி, சி, ஜி, டி, சி, ஓ, என், டி (AT+CGDCONT) என்று சேர்த்து எழுதி, சமக்குறி, 1, காற்புள்ளி, மேற்கோளுக்குள் ஐபி, காற்புள்ளி, மேற்கோளுக்குள் ஏபிஎன். அந்த 1 என்பதும், அழைக்கும் எண்ணில் கடைசி # குறிக்கு முன்னால் வரும் 1 என்பதும் ஒன்றே. ஒன்றில் 1, இன்னொன்றில் 2 என்று இருந்தால் போன் வேறொரு பழைய ஏபிஎன்னை எடுத்துக்கொண்டு 'நோ கேரியர்' சொல்லும். மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் பிழை இது.

'கனெக்ட்' என்ற சொல் வந்துவிட்டு, அதற்குப் பிறகு பிபிபி என்று தொடங்கும் வரிகளில் நின்றால், பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கும் இடம். இந்த ஏபிஎன்களுக்கு இரண்டுமே காலியாக இருக்கலாம். ஆனால் பாமில் கடவுச்சொல் இடத்தைத் தொடாமல் விட்டால் ஒவ்வொரு முறையும் கேட்கும்படி நிற்கும். ஏதாவது ஓர் எழுத்தைப் போட்டு வையுங்கள், வலையமைப்பு அதைப் பொருட்படுத்தாது.

ஐபி முகவரியும் வந்து, பக்கம் மட்டும் வரவில்லை என்றால் அதே பதிவுத் திரையின் அடியில் ஒரு கேள்விக்குறி எழுதி ரிட்டர்ன் கொடுங்கள். அங்கேயே ஓடும் கட்டளைகளின் பட்டியல் வரும். அதில் இருக்கும் பிங் கட்டளையால் 1.1.1.1 முகவரியைத் தட்டுங்கள். பதில் வந்தால் பாதை நன்றாக இருக்கிறது, டிஎன்எஸ்தான் இல்லை. நெட்வொர்க், டீட்டெயில்ஸில் தானாக எடுப்பதை அணைத்து 8.8.8.8, 1.1.1.1 இரண்டையும் கையால் போடுங்கள். பாக்கெட் பிசியில் இந்தச் சோதனைக்கு விஎக்ஸ்யூட்டில் என்ற இலவச நிரல் இருக்கிறது.

விண்டோஸ் மொபைலில் இதே வேலையைக் கெடுக்கும் மூன்று இடங்கள் உண்டு. மோடம் இணைப்பு உருவாக்கும்போது நாட்டுக் குறியீட்டுக் கட்டத்தைக் காலியாக விட்டு, 'டயலிங் ரூல்ஸ்' டிக்கை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் *99#க்கு முன்னால் நாட்டு எண்ணைச் சேர்த்து அழைத்துவிடும். இரண்டாவது, அட்வான்ஸ்டு, செலக்ட் நெட்வொர்க்ஸில் இரண்டு பட்டியலிலும் உங்கள் ஜிபிஆர்எஸ் இருக்கும் தொகுப்பே தெரிய வேண்டும். ஒன்றில் 'மை ஒர்க் நெட்வொர்க்' நின்றால் சில முகவரிகள் மட்டும் திறந்து, சில திறக்காது. மூன்றாவது, எப்போதோ வந்த வாப் (பழைய போன் இணையம்) அமைப்புச் செய்தி விட்டுப்போன ப்ராக்ஸி. 10இல் தொடங்கும் முகவரி அங்கே இருந்தால் அந்த டிக்கையும் எடுங்கள். கருவி யூஎஸ்பியில் கணினியோடு இணைந்திருக்கும்போது ஜிபிஆர்எஸ் எழாது என்பதையும் மறக்க வேண்டாம்.

## இணைந்துவிட்டது, ஆனால் தாங்க முடியாத மந்தம்

கணக்குப் போட்டுப் பார்த்தால் வருத்தம் குறையும். நான்கு நேரத்துண்டு உள்ள ஜிபிஆர்எஸ்ஸின் வழக்கமான உச்சம் 53.6 கேபிபிஎஸ், எட்ஜ் என்றால் 236.8. நடைமுறையில் 40 கேபிபிஎஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம். இன்றைய செய்தித் தளத்தின் முகப்பு 2 எம்பி என்றால் அந்த வேகத்தில் கிட்டத்தட்ட ஏழு நிமிடம். படங்களை அணையுங்கள், உலாவியின் தற்காலிகச் சேமிப்பைக் கூட்டுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் டேட்டா நின்றுவிட்டுப் பிறகு தொடரும். பெரும்பாலான பழைய போன்களால் இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது.

## ஐபி இருக்கிறது, டிஎன்எஸ் இருக்கிறது, எந்தத் தளமும் திறக்கவில்லை

கருவியில் பழுதே இல்லை. பாமின் பிளேசர், பாக்கெட் பிசியின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்ற இரண்டு உலாவிகளும், தளத்தோடு மறையாக்கிப் பேசும் டிஎல்எஸ் முறையின் 1.0 பதிப்போடு நின்றுவிட்டன. இன்றைய தளங்கள் 1.2க்குக் கீழே பேசுவதில்லை. சந்தேகம் தீர, பூட்டு இல்லாத நெவர்எஸ்எஸ்எல் புள்ளி காம் தளத்தைத் திறந்து பாருங்கள். அது வந்தால் உங்கள் இணைப்பு முழுக்க நலம்.

தேடுவதற்கு ஃபிராக்ஃபைண்ட் புள்ளி காம் இருக்கிறது. பழைய கணினிகளுக்கென்றே செய்த தளம். தேடல் முடிவையும் பக்கத்தின் எழுத்துகளையும் எளிய வடிவில், மறையாக்கம் இல்லாமல் தரும். இதற்கு மேல் வேண்டுமென்றால் வீட்டில் இருக்கும் கணினியிலோ ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியிலோ வெப்ஒன் என்ற ப்ராக்ஸியைப் போட்டு, பிளேசரின் அட்வான்ஸ்டு அமைப்பில் அந்தக் கணினியின் ஐபியையும் 8080 என்ற வாயில் எண்ணையும் கொடுங்கள். வெளித்தளத்துடன் புதிய மறையாக்கத்தில் பேசி, உங்கள் கருவிக்கு வெறும் எச்டிடிபியாக அது தரும்.

இது வீட்டு வலைக்குள் மட்டும். மொபைல் டேட்டாவிலிருந்து வீட்டு ப்ராக்ஸியை எட்ட வேண்டும் என்று ரவுட்டரில் வாயிலைத் திறந்துவிடாதீர்கள். திறந்த ப்ராக்ஸியைக் கண்டுபிடித்து மற்றவர்கள் உங்கள் பெயரில் உலாவத் தொடங்குவார்கள். ப்ராக்ஸிக்கும் கருவிக்கும் நடுவே எல்லாம் திறந்த நிலையில் போகிறது என்பதால் வங்கி, யுபிஐ, கடவுச்சொல் கேட்கும் எதையும் இந்தக் கருவிகளில் தொடவே வேண்டாம்.

மின்னஞ்சலும் இதே நோய்தான். 2022 மே மாதத்துக்குப் பிறகு வெறும் கணக்குக் கடவுச்சொல்லால் ஜிமெயிலில் நுழைய விடாமல் கூகுள் மூடத் தொடங்கியது. இரண்டு-படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துள்ள செயலிக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்கி அதைக் கொடுங்கள். டிஎல்எஸ் பிரச்சினைக்கு ராஸ்பெரி பையில் எஸ்டனல் என்ற மறையாக்க நிரலைப் போட்டு, உள்ளே 143, வெளியே ஜிமெயிலின் 993 என்று வாயில் எண்களை இணைத்து, பாமின் அஞ்சல் நிரலான வெர்சாமெயிலில் அந்த ராஸ்பெரி பையின் ஐபியை ஐமேப் சர்வராக எழுதினால் அஞ்சல் வரும்.

## தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாக

பாம் ஓஎஸ்ஸில் யூனிகோடு தமிழ் இல்லை; எழுத்துரு போட்டும் தீராது. விண்டோஸ் மொபைலில் யூனிகோடு எழுத்துரு ஒன்றை விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸில் நகலெடுத்தால் எழுத்து வரும், ஆனால் வடிவமைக்கும் இயந்திரம் கிடையாது. 'கெ' என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'கொ' இன்னும் மோசம். ஓப்பரா மினியில் ஓப்பரா:கான்ஃபிக் பக்கத்தைத் திறந்து, சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் எழுத்துரு என்ற தேர்வை 'யெஸ்' ஆக்கியது தமிழ் வாசகர் பலருக்கு நினைவிருக்கும். சர்வரே எழுத்தைப் படமாக்கி அனுப்பியது. இன்று வீட்டு ப்ராக்ஸியாக டபிள்யூஆர்பி என்ற நிரலைப் போட்டால் அதே வேலை நடக்கும்: முழுப் பக்கத்தையும் குரோமியத்தில் வரைந்து ஜிஃப் படமாகத் தருகிறது. அகலத்தை 320 அல்லது 240 என்று திரைக்கேற்ப வையுங்கள்.

நீண்ட கட்டுரை படிப்பதற்கு விண்டோஸ் மொபைலில் இதைவிட நல்ல வழி டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கம். அந்தக் குறியாக்கத்தில் கொம்பு எழுத்துக்கு முன்னாலேயே சேமிக்கப்படுவதால் வடிவமைக்கும் இயந்திரமே தேவையில்லை. யூனிகோடு கோப்பைக் கணினியில் டிஸ்கிக்கு மாற்றி, டிஸ்கி எழுத்துருவோடு கருவிக்கு அனுப்பி, எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க விடும் நிரலில் திறந்தால் கெகரமும் கொகரமும் ஒழுங்காக நிற்கும். பாமில் என்றால், பக்கங்களை 320×480 அளவில் ஜேபெக் படங்களாக்கி கார்டில் போடுவதே எளிது.

## கார்டைக் காட்டவில்லை, கணினியோடு சேரவில்லை

எஸ்டிஎச்சி (2 ஜிபிக்கு மேலான) கார்டை டிஎக்ஸ் தன் இயல்பில் படிக்காது. 2 ஜிபி அல்லது அதற்குக் கீழான சாதாரண எஸ்டி கார்டை ஃபேட்16இல் வடிவமைத்துப் போடுங்கள்.

64 பிட் விண்டோஸில் பாமின் பழைய யூஎஸ்பி இயக்கி ஓடாது. டிஎக்ஸ் வைத்திருப்பவர்கள் வைஃபை வழியாக நெட்வொர்க் ஹாட்சிங்க் (கணினியோடு தரவை ஒத்திசைப்பது) செய்யலாம். ஃபயர்வாலில் யுடிபி 14237, டிசிபி 14238 இரண்டையும் உள்வலைக்குத் திறக்க வேண்டும். லினக்ஸில் அதற்கு பைலட்-லிங்க் என்ற நிரல் போதும். ஆனால் கெர்னலின் வைஸர் மாட்யூலைத் தடுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டு, முதலில் கருவியில் ஹாட்சிங்க் பொத்தானை அழுத்தி, பிறகு கட்டளையை ஓட்டுங்கள். வரிசை மாறினால் கருவி கண்ணில் படாது.

பாக்கெட் பிசியைக் கணினியோடு சேர்க்கும் விண்டோஸ் மொபைல் டிவைஸ் சென்டர், விண்டோஸ் 10இன் 1703 பதிப்புக்குப் பிறகு திறந்ததும் லோகோவோடு நின்றுவிடும். சர்வீசஸ் திரையில் 'விண்டோஸ் மொபைல்-பேஸ்டு டிவைஸ் கனெக்டிவிட்டி', '2003-பேஸ்டு டிவைஸ் கனெக்டிவிட்டி' என்ற இரண்டையும் திறந்து, லாக் ஆன் பகுதியில் லோக்கல் சிஸ்டம் அக்கவுன்ட் என்று மாற்றி, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். அதன் பிறகும் கருவி இணைந்து இணைந்து அறுந்தால், கருவியின் செட்டிங்ஸில் யூஎஸ்பி டு பிசி என்பதைத் திறந்து, 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் ஃபங்ஷனாலிட்டி' டிக்கை எடுத்துவிட்டு வயரைக் கழற்றி மாட்டுங்கள்.